மூன்று நிமிடப் பாட்டும் 14 வருடக் கணக்கும்



2015-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். கடைக்கு வந்த ஒரு கல்லூரி மாணவி, எடுத்துக் கொடுத்த சோப்பைத் திருப்பி வைத்துவிட்டு, "அண்ணாச்சி, இந்தக் கம்பெனி சரக்கு வேண்டாம், வேற இருந்தா குடுங்க" என்றார். ஏன் என்று கேட்டேன். கையிலிருந்த செல்போனில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார். நம் கொடைக்கானலின் பெயரைச் சொல்லி ஒரு பெண் ஆங்கிலத்தில் படபடவென்று பாடுகிறாள். மூன்று நிமிடம்கூட ஓடவில்லை.

பாடியவர் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப். 2015 ஜூலை 30-ல் வெளிவந்த அந்தப் பாட்டைச் சில நாட்களிலேயே 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்துவிட்டார்கள். யூனிலீவர் கம்பெனியின் உலகத் தலைவரே ட்விட்டரில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 2016 மார்ச்சில் பழைய தொழிலாளர்கள் 591 பேருடன் இந்துஸ்தான் யூனிலீவர் சமரச ஒப்பந்தம் செய்துகொண்டது. "பார்த்தீர்களா செல்போனின் சக்தியை!" என்று நம் கடைத்தெருவில் பேசாதவர் இல்லை.

எனக்கு அதில் பாதிதான் சம்மதம். மீதிப் பாதி, மூஞ்சிக்கல்லில் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் நானே பார்த்தது.

இளைய வியாபாரிகளுக்காகப் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் வாட்டர்டவுன் என்ற ஊரில் ஓடிக்கொண்டிருந்த தெர்மாமீட்டர் ஆலையை 1980-களில் பாண்ட்ஸ் கம்பெனி இங்கே கொண்டுவந்தது. பிறகு அது லீவர் கைக்குப் போனது. பாதரசம் நம் கண்ணுக்கு வெள்ளியை உருக்கி ஊற்றியதுபோல அழகாகத் தெரியும். ஆனால் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூச்சில் போனால் நரம்பையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும்.

2001 மார்ச்சில் விஷயம் வெடித்தது. எங்கே தெரியுமா? நம் கடைத்தெருவில்தான். மூஞ்சிக்கல் காயலான் கடை ஒன்றில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிச் சில்லுகள், 7.4 டன். பழனி மலைப் பாதுகாப்புக் குழுவினரும் கிரீன்பீஸ் அமைப்பினரும் ஊர் மக்களும் தொழிலாளர்களும் சேர்ந்து அதை வெளியே கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. சரக்கை எடை பார்த்து, விலை பேசி வாங்குகிறோம். உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு விற்கிறவன் வார்த்தையைத்தான் நம்புகிறோம். மளிகைக்காரனும் அப்படித்தான், காயலான் கடைக்காரரும் அப்படித்தான்.

தொழிலாளர்கள் தங்களுக்கும் பிள்ளைகளுக்கும் வந்த நோய்களுக்கு நியாயம் கேட்டு 2006-ல் சென்னை உயர்நீதிமன்றம் போனார்கள். வேலையால் யாருக்கும் உடல்நலக் கேடு வரவில்லை என்பது கம்பெனியின் வாதம். மத்திய தொழிலாளர் அமைச்சகம் அமைத்த குழுவோ, 2011-ல், பாதிப்புக்கு முகாந்திரம் இருப்பதாகவே சொன்னது. மருத்துவச் சீட்டுகள், மனுக்கள், வாய்தாக்கள், வத்தலக்குண்டு இறங்கிச் சென்னைக்குப் பஸ் பிடித்த இரவுகள் என்று வருடங்கள் போயின. அந்தப் பாட்டுக்குப் பின்னால் இருந்தது இந்த 14 வருடக் கணக்கு. அது இல்லாமல் பாட்டு மட்டும் வந்திருந்தால் ஒரு வாரப் பேச்சோடு போயிருக்கும்.

இங்கே என் குற்றத்தையும் எழுதிவிடுகிறேன். ஆலையில் வேலை பார்த்த மூன்று குடும்பங்கள் என் கடையில் மாதக் கணக்கு வைத்திருந்தன. ஆலை மூடிய பிறகு பாக்கி ஏறிக்கொண்டே போனது. நான் பார்த்தது பாக்கியை மட்டும்தான். ஒருநாள் அதில் ஒருவர் மனுவுக்குக் கையெழுத்துக் கேட்டு வந்தார். அலமாரியில் பாதி அந்தக் கம்பெனி சரக்கு. விநியோகஸ்தர் காதுக்குப் போனால் என்ன ஆகுமோ என்ற பயம். "அப்புறம் பார்க்கலாம்ப்பா" என்று அனுப்பிவிட்டேன். அவர் மறுபடி கேட்கவில்லை. 2016-ல் வந்து பழைய பாக்கி முழுவதையும் எண்ணி வைத்தார். கையெழுத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம், வாட்ஸ்அப்பில் 'இதை வாங்காதே, அதைப் புறக்கணி' என்று தினம் ஒன்று வருகிறது. எல்லாவற்றுக்கும் ஆடினால் கடை நடத்த முடியாது. 2017-ல் பிளாஸ்டிக் அரிசி என்று ஒரு புரளி கிளம்பியது. சோற்றை உருட்டித் தரையில் அடித்துப் படம் எடுத்துப் பரப்பினார்கள். எந்த ஊர், எந்தக் கடை, யாருக்கு என்ன ஆனது என்று கேட்டால் பதில் இல்லை. அடி வாங்கியது அரிசிக் கடைக்காரர்கள். அதே ஆண்டு ஜனவரியில் செல்போன் மூலமே மெரினாவில் இளைஞர்கள் கூடினார்கள். அந்தச் சூட்டில் நம் வணிகர் அமைப்புகள் மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று அறிவித்தன. இன்று நம் கடைகளில் பாதிக்கு மேல் அந்தப் பாட்டில்கள் திரும்பி வந்துவிட்டன. ஏன் நிறுத்தினோம் என்பதை நாமே பாதி மறந்துவிட்டோம்!

ஆகவே செய்தி வந்தால் நான் இப்போது பார்ப்பது ஒன்றே: பாதிக்கப்பட்ட ஆள் யார், எந்த ஊர், கையில் காகிதம் உண்டா? கொடைக்கானல் விஷயத்தில் மூன்றும் இருந்தன, அதுவும் என் கடை வாசலிலேயே. மாணவி செல்போனை நீட்டும்வரை நான் காத்திருந்திருக்க வேண்டியதில்லை.

591 பேர் கணக்குத் தீர்ந்தாலும் மண்ணின் கணக்கு அத்தோடு தீரவில்லை. ஆலை இருந்த இடத்துக்குக் கீழே பாம்பார் சோலை. அந்தத் தண்ணீர்தான் கும்பக்கரை அருவியாகப் பெரியகுளம் பக்கம் இறங்குகிறது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம்வரை விட்டுவைக்கலாம் என்ற அளவில் சுத்தம் செய்ய அனுமதி தரப்பட்டது. அது போதாது என்று 2018-ல் சோஃபியாவும் டி.எம். கிருஷ்ணாவும் சேர்ந்து இன்னொரு பாட்டு வெளியிட்டார்கள். அதை என் கடையில் யாரும் செல்போனில் காட்டவில்லை.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். உள்ளூரில் ஒரு கம்பெனியால் பாதிக்கப்பட்டோம் என்று காகிதத்தோடு வருபவருக்கு மாதக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும். கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்பதைச் சங்கமாகச் சேர்ந்து முடிவு செய்தால், விநியோகஸ்தர் எந்தத் தனிக்கடையையும் முறைக்க முடியாது. அடுத்த கூட்டத்தில் இதை நானே எழுப்புகிறேன். ஆட்சேபணை உள்ளவர்கள் வந்து சொல்லலாம்.