புளியும் ஆலும் சொல்லும் பருவம்

மராத்தியில் புளியமரத்துக்குச் சிஞ்ச் என்று பெயர், ஆலமரத்துக்கு வட். இந்த இரண்டு மரங்களால்தான் புனே அருகிலுள்ள சிஞ்ச்வட்டுக்கு அந்தப் பெயர் வந்தது என்பார்கள். அக்டோபரில் இரண்டுமே மழை கழுவிவிட்ட பச்சையோடு தழைத்து நிற்கும். ஆனால் பிள்ளைகளுக்கான பருவப் படங்களில் கோடைக்கு அடுத்து வருவது இலையுதிர் காலம். அதில் மரம் பொன்னிறமாகிறது, சருகு உதிர்கிறது, இதமான குளிர் தொடங்குகிறது. சிஞ்ச்வட்டில் வாழும் தமிழ்க் குழந்தைகளும், தமிழ்நாட்டுக் குழந்தைகளும் இதையே மனப்பாடம் செய்கிறார்கள். தொலைதூர நாட்டின் பருவத்தைச் சொந்த ஊரின் பருவம்போலக் கற்பிப்பது, கண்ணால் காண்பதை நம்பாதே என்று குழந்தைக்குச் சொல்வதற்குச் சமம். இந்தப் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும்.

சிஞ்ச்வட்டில் கோடையை முடித்துவைப்பது மழை. மார்ச்சில் தொடங்கும் வெயில் ஏப்ரல், மே மாதங்களில் உச்சத்துக்குப் போய், ஜூன் இரண்டாம் வாரத்தையொட்டி வரும் தென்மேற்குப் பருவமழையில் அடங்குகிறது. ஆகஸ்டில் புனே வட்டாரத்தின் சராசரிப் பகல் வெப்பம் சுமார் 28 டிகிரிதான். மழை விடைபெறும் அக்டோபரில் அது மீண்டும் 32 டிகிரியை ஒட்டி ஏறுகிறது. மேகம் விலகியதும் வெயில் நேரே இறங்குகிறது. ஈரம் காயாத மண்ணிலிருந்து ஆவி எழுகிறது. காற்றும் ஓய்ந்துவிடுவதால் புழுக்கம் கூடுகிறது. ஊர் மக்கள் இதை 'அக்டோபர் ஹீட்' என்றே அழைக்கிறார்கள். இந்திய வானிலைத் துறையின் கணக்கிலும் இலையுதிர் காலம் இல்லை. குளிர்காலம், கோடை, தென்மேற்குப் பருவமழை, அதற்குப் பிந்தைய காலம் என்றே அது ஆண்டைப் பிரிக்கிறது. அந்தத் துறையின் தலைமையகம் 1928-இல் சிம்லாவிலிருந்து புனேவுக்கு வந்து, 1944-இல் டெல்லிக்கு மாறும்வரை அங்கேயே இயங்கியது. வானிலை அறிவியலுக்கு வீடாக இருந்த வட்டாரத்திலேயே பிள்ளைகள் வேறொரு கண்டத்தின் பருவங்களைப் படிப்பது வருத்தத்துக்குரியது.

இங்கேயும் இலை உதிர்கிறது. உதிரும் காலமும் காரணமும் வேறு. குளிர்நாடுகளில் பகல் சுருங்கிக் குளிர் நெருங்கும்போது மரங்கள் இலையைக் களைகின்றன. தக்காணத்தில் தேக்கும் புரசும் இலவும் நிலத்தின் ஈரம் குறையும்போது, நீரைச் சேமிக்க இலையை விடுகின்றன. அது கோடைக்கு முன்னால் நடப்பது. பிப்ரவரி, மார்ச்சில் இலையற்ற கிளைகளில் புரசு செந்தழலாகப் பூக்கிறது. மராத்தியர்கள் இலையுதிர்வைச் சிசிர ருதுவோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அது மாசி, பங்குனியை ஒட்டிய நம் பின்பனிக் காலம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுதுகளை வகுத்த தமிழ் மரபு, மழையையும் வாடையையும் பனியையும் வெயிலையும் வைத்தே ஆண்டை அளந்தது. சிஞ்ச்வட்டில் மழை ஓய்ந்திருக்கும் ஐப்பசியில்தான் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. இந்தியாவுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, ஒரே படத்தை எல்லா ஊர்ச் சுவரிலும் மாட்டுவது எப்படிப் பொருந்தும்?

பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். பெயர் தவறினால் ஆயத்தமும் தவறும். வெப்பத்துக்கான எச்சரிக்கைகளும் ஏற்பாடுகளும் பெரும்பாலும் மார்ச் முதல் ஜூன் வரையிலான கோடையை மனத்தில் வைத்தே செய்யப்படுகின்றன. பிம்ப்ரி, சிஞ்ச்வட், போசரி தொழிற்பேட்டைகளில் உலைக்கு முன்னால் நிற்பவருக்கும், கட்டடத்தில் கம்பி கட்டுபவருக்கும் அக்டோபரும் வெப்ப மாதம்தான். மழை விட்ட பிறகு தேங்கி நிற்கும் நீரில் கொசு பெருகி டெங்கு பரவுவதும் இந்த நாள்களில்தான். இதமான காலம் வந்துவிட்டது என்ற எண்ணம் இந்த இரண்டு ஆபத்துகளையும் மறைத்துவிடுகிறது.

உலக இலக்கியத்தைப் படிக்க வேண்டிய பிள்ளைகளுக்கு இலையுதிர் காலம் தெரிய வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. கட்டாயம் தெரிய வேண்டும். அது எந்த நாட்டில், எதனால் வருகிறது என்ற விளக்கத்தோடு தெரிய வேண்டும். சொந்த ஊரின் பருவத்தை அறிந்த குழந்தைதான் பிற ஊரின் பருவத்தை ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளும். காலநிலை மாறிவரும்போது பழைய பருவக் கணக்கு எதற்கு என்ற வாதமும் உண்டு. மாற்றத்தை அளக்க முதலில் இயல்பு தெரிய வேண்டும். மழை வழக்கமாக எப்போது விடைபெறும் என்று அறியாதவருக்கு, அது தாமதமாவது எப்படித் தெரியும்?

இதமான நாள்களை எதிர்பார்க்கும் ஆசையில் தவறில்லை. சிஞ்ச்வட்டுக்கும் அவை உண்டு. மழைக்காலம் முடியும்போது வரும் கோஜாகிரி பௌர்ணமி இரவில் மராத்தியக் குடும்பங்கள் நிலவொளியில் மசாலாப் பால் அருந்துகின்றன. நவம்பரில் இரவுகள் குளிர்கின்றன. டிசம்பரில் கம்பளி வெளியே வருகிறது. பள்ளிகள் அந்தந்த வட்டாரத்தின் பருவங்களை முதலில் கற்பிக்கட்டும். மாநகராட்சிகள் அக்டோபரையும் வெப்ப மாதமாகக் கணக்கில் எடுக்கட்டும். பெற்றோர் செய்யக்கூடியது இன்னும் எளிது: பிள்ளையை வீட்டருகே உள்ள மரத்தடிக்கு மாதம் ஒருமுறை அழைத்துச் சென்று, என்ன மாறியிருக்கிறது என்று கேளுங்கள்.