இல்லாத விரலின் வலி

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1960களில் எழுந்தது முதல், பவர் பிரஸ்ஸில் விரலைப் பறிகொடுத்தோர் நமக்குப் புதியவரல்லர். ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கத்து உழவரிடையே கதிரடிக்கும் இயந்திரத்தில் கையிழந்தோரும் உளர். நெசவாளர் குடும்பங்களிலோ, நீரிழிவினால் ஆறாத புண் கண்டு, முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க நேர்ந்த பெரியவர்களைக் காண்கிறோம்.

இவர்களுள் பலர் வெளியிற் சொல்லத் தயங்கும் செய்தி ஒன்றுண்டு. எடுத்த உறுப்பு இன்னும் இருப்பதாகவே அவர்களுக்குத் தோன்றும். இல்லாத பாதம் அரிக்கும். இல்லாத விரல்கள் உள்ளங்கையில் நகம் பதிய மூடிக்கொண்டு விரிய மறுக்கும். உறுப்பிழந்தோருள் மிகப் பெரும்பாலார் இவ்வுணர்ச்சியை அறிவர். பாதிக்கு மேற்பட்டோர் அதனை வலியாகவே அனுபவிக்கின்றனர். வீட்டாரோ மனப்பிரமை என்பர். மந்திரிக்க அழைத்துச் செல்வாரும் உண்டு. வலியால் துடிப்பவனிடம் வலி இல்லை என்று சாதிப்பது, ஒரு முறை வெட்டுண்ட கையை மறுமுறை வெட்டுவதற்கு ஒப்பாகும் என்போம்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயமுற்றோர்க்கு மருத்துவம் செய்த வெய்ர் மிட்செல், 1871இல் இதற்கு 'மாய உறுப்பு' என்று பெயரிட்டார். இதன் காரணத்தை ஆராய்ந்தோருள் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன் முக்கியமானவர். மூளையில் உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பகுதி உண்டு. கை போனாலும் கைக்குரிய பகுதி போவதில்லை. முகத்துக்குரிய பகுதி அதற்கு அடுத்திருப்பதால், கையிழந்த சிலருடைய கன்னத்தைத் தொட்டபோது, இல்லாத விரலைத் தொட்டதாக அவர்கள் உணர்ந்ததை அவர் கண்டார். அறுபட்ட நரம்பின் முனையும் முதுகுத்தண்டும் இவ்வலியிற் பங்குகொள்கின்றன. ஆகவே இது பேயுமன்று, பொய்யுமன்று.

சட்டமோ உறுப்பை அளந்ததே தவிர வலியை அளக்கவில்லை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்து அட்டவணை, கட்டைவிரலுக்கு நூற்றுக்கு 30, ஒரு கைக்கு நூற்றுக்கு 60 என்று சம்பாதிக்கும் திறனின் இழப்பை வகுத்தது. எஞ்சிய பகுதியின் நீளத்தைச் சென்டிமீட்டர்க் கணக்கில் குறித்த அவ்வட்டவணையில், இரவெல்லாம் உறங்கவிடாத வலிக்கு ஒரு வரியும் இல்லை. சட்டம் செய்தோர் தறியில் அமர்ந்தவரல்லர். ஒரு நாள் உறக்கம் கெட்டால் மறுநாள் எத்தனை இழை அறும் என்பதை நெசவாளரே அறிவர்.

நமது சங்கங்களும் இதில் சட்டத்தைப் பின்பற்ற வேண்டுவதில்லை. உறுப்பிழந்த அங்கத்தினர்க்கு உதவித்தொகை வழங்கும் நிர்வாகக் குழுவினர், "வலி இருக்கிறதா? எங்கே?" என்றும் கேட்டல் வேண்டும். எஞ்சிய முனையில் வலியென்றால் புண்ணோ, நரம்பு முடிச்சோ, பொருந்தாத செயற்கைக் காலோ காரணமாகலாம். இல்லாத பாதத்தில் வலியென்றால் அதற்கு மருத்துவம் வேறு. நரம்பு வலிக்குரிய மருந்துகள் உள்ளன. கே. கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்துக்குச் செயற்கைக் காலுக்கு அளவு கொடுக்கச் செல்வோர், இவ்வலியையும் கூசாமல் மருத்துவரிடம் சொல்லுக.

ராமச்சந்திரன் 1990களில் கண்ட உபாயம் ஒன்று மிக எளிது. கண்ணாடியை உடலின் நடுவே நிமிர்த்தி வைத்து, குறைந்த உறுப்பை அதன் பின்னே மறைத்து, நல்ல உறுப்பின் பிம்பத்தைப் பார்த்தவாறே அதனை மெல்ல அசைக்க வேண்டும். இறுகிய மாயக் கை விரிவதாகச் சிலர் உணர்ந்தனர். காலிழந்த அமெரிக்கப் படைவீரர் சிலர் நாளொன்றுக்கு 15 நிமிடமாக நான்கு வாரம் இவ்வாறு பயின்று வலி குறையப்பெற்றதாக 2007இல் ஆய்வு வெளிவந்தது. எல்லார்க்கும் இது பலிப்பதில்லை. சிலர்க்கு முதலில் துயரம் பெருகுவதும் உண்டு. ஆதலின் மருத்துவரைக் கேட்டே தொடங்குக. கண்ணாடி வாங்க இயலாத அங்கத்தினர்க்குச் சங்கமே அதனை வாங்கித் தரலாம். அதன் விலை சில்லறைச் செலவுக் கணக்கிலேயே அடங்கும்.