இரண்டு ரூபாய் நாற்பது காசு

கேட்காத சேவைக்கு மாதா மாதம் காசு பிடித்த ஒரு நிறுவனத்தின் மீது கூட்டாக வழக்குத் தொடுக்க நம் சங்கத் தோழர்கள் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி வருகிறார்கள். தாராவியிலும் செம்பூரிலும் தாய்மார்கள் கேட்பது ஒன்றே: "எங்கள் பெயரால் வழக்கு நடக்கும், எங்கள் கைக்கு என்ன வரும்?"

நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டிய கடமை நமக்கு உண்டு.

2007-இல் 'கோன் பனேகா கரோர்பதி' நிகழ்ச்சியின்போது, வீட்டிலிருந்தே குறுஞ்செய்தியில் விடை அனுப்பினால் ஒருவருக்கு 2 லட்சம் ரூபாய் பரிசு என்றார்கள். நம் பிள்ளைகளும்தான் அனுப்பினார்கள். செய்திக்கு 2 ரூபாய் 40 காசு. ஏறத்தாழ 5 கோடியே 80 லட்சம் செய்திகள் போயின. பெருக்கிப் பார்த்தால் 13 கோடியே 92 லட்சம் ரூபாய்! நுகர்வோர் அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் 1 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. செய்திக் கட்டணத்திலிருந்துதான் பரிசு கொடுத்தார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது.

தீர்ப்பைக் குறைகூற நாம் வரவில்லை. அந்தத் தண்டம் நிலைத்து, அனுப்பியவர்களுக்கே அதைப் பங்கிட்டிருந்தாலும் செய்திக்கு 17 காசுதான். பஸ் கண்டக்டர் சில்லறை இல்லையென்று விட்டுவிடுகிற காசை விடக் குறைவு.

அமெரிக்காவைப் பாருங்கள் என்பார்கள் படித்தவர்கள். பார்த்தோம். ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்திலிருந்து 2017-இல் ஏறத்தாழ 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் களவு போயின. 2019 உடன்பாட்டில் பணமாக 125 டாலர் வரை பெறலாம் என்றார்கள். அதற்கென ஒதுக்கியதோ 3 கோடியே 10 லட்சம் டாலர். மனுக்கள் குவிந்ததும் 125 சில டாலர்களாகச் சுருங்கிற்று.

அதற்காக வழக்கே வேண்டாமா? தனி ஆளாக இரண்டே கால் ரூபாய்க்கு எவன் கோர்ட்டுப் படி ஏறுவான்? ஏறமாட்டான் என்று தெரிந்துதானே கை வைக்கிறார்கள்! 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, ஒரே குறையுள்ள பலருக்காகச் சிலர் வழக்காட இடம் தருகிறது. பாதிக்கப்பட்ட பலரை எளிதில் அடையாளம் காண முடியாதபோது, விற்ற சரக்கு அல்லது சேவையின் மதிப்பில் கால் பங்குக்குக் குறையாத தொகையைக் கட்ட வைக்கவும் அதே சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அது அரசு விதிக்கும் வழியில் செலவாகும். நம் வீடு வந்து சேரும் என்பதற்கில்லை.

அடையாளம் காண முடியாதாம்! பாக்கி ஒரு நாள் தவறினால் மட்டும் நம் எண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எந்தக் கணக்கில் பிடித்தார்களோ அதே கணக்கில் திருப்பிப் போடட்டும். மனுவும் நகலும் சான்றொப்பமும் எதற்கு? வேலை தேடி ஊர் ஊராகப் போகிற நம்மவர் பழைய பில்லுக்கு எங்கே போவார்?

நம் மனுவில் இதையே முதல் கோரிக்கையாக வைக்கிறோம். கையெழுத்திட வருகிறவர்கள், காசு பிடித்த செய்தியை அழிக்காமல் கொண்டுவாருங்கள். எண்ணை மாற்றியவர்கள் பழைய எண்ணையும் எழுதிக் கொடுங்கள்.