கேட்கப்படாத கேள்வி

பூர்வகுடிகளின் குரலைக் கேட்க அரசியலமைப்பில் ஒரு ஆலோசனைக் குழு வேண்டுமா என்று 2023 அக்டோபர் 14 அன்று ஆஸ்திரேலியா தன் மக்களைக் கேட்டது. சுமார் 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

"வெள்ளைக்காரன் புத்தி சார்," என்றார் திருவான்மியூர் கடற்கரையில் என்னோடு நடக்கும் நண்பர்.

நமக்கு என்ன யோக்கியதை? இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே, வடநெம்மேலியில் இருளர்கள் எடுக்கும் பாம்பு விஷம்தான் நமக்கு விஷமுறிவு மருந்தாகிறது. சட்டமன்றத்தின் 234 இடங்களில் பழங்குடியினருக்கு 2. ஏற்காடு, சேந்தமங்கலம். இரண்டும் சேலம், நாமக்கல் பக்கம். செங்கல்பட்டு இருளருக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

"அவங்க ரொம்பக் கம்மி பேர்தானே சார்?"

கம்மி என்பதால்தானே தனிக்குரல் வேண்டும்! அங்கே கேட்டு மறுத்தார்கள். நாம் இன்னும் கேட்கவே இல்லை.