எனாமலைத் தொடும் முன்: டிஜிட்டல் புன்னகைத் திட்டமிடலும் நோயாளியின் விருப்பமும் குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

முகத்தின் நிழற்படங்களையும், வாய்க்குள் செலுத்தப்படும் சிறிய ஸ்கேனர் எடுக்கும் முப்பரிமாணப் பதிவையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, பற்களின் நீளம், அகலம், நிறம், ஈறின் விளிம்பு ஆகியவற்றைச் சிகிச்சைக்கு முன்பே வரைந்து காட்டும் முறை டிஜிட்டல் புன்னகைத் திட்டமிடல் எனப்படுகிறது. பெங்களூரின் தனியார் பல் மருத்துவமனைகளில் இம்முறை பழக்கமாகிவரும் நிலையில், திரையில் காட்டப்படும் படத்தைப் பார்த்து நோயாளி தலையசைப்பதைச் சிகிச்சைக்கான ஒப்புதலாகக் கொள்ளலாகாது என்பதும், திட்டமிட்ட வடிவத்தை அவர் தம் வாயிலேயே அணிந்து பார்த்து ஏற்கும்வரை எந்தப் பல்லையும் சீவக் கூடாது என்பதும் இவ்வறிக்கையை வெளியிடும் அமைப்பின் நிலைப்பாடு.

எனாமலை உருவாக்கும் செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுவதால், ஒருமுறை சீவி எடுக்கப்பட்ட எனாமல் வாழ்நாளில் மீண்டும் வளர்வதில்லை. பல்லின் முகப்பில் ஒட்டப்படும் மெல்லிய பீங்கான் ஓடான வெனீருக்காக, வெளியே தெரியும் பல் பகுதியின் எடையில் 3 முதல் 30 விழுக்காடு வரையும், பல்லை முழுவதும் மூடும் உறைக்காக 63 முதல் 72 விழுக்காடு வரையும் இழக்கப்படுவதை எடெல்ஹாஃப், சோரன்சன் ஆகியோரின் 2002ஆம் ஆண்டு ஆய்வு அளந்து காட்டியது. 1930களில் ஹாலிவுட் நடிகர்களுக்காகப் பல் மருத்துவர் சார்லஸ் பிங்கஸ் செய்த முகப்பு ஓடுகள் படப்பிடிப்பின்போது மட்டும் தற்காலிகமாக ஒட்டப்பட்டுப் பின்னர் கழற்றப்பட்டவை என்பது, அதே புன்னகையை நிரந்தரமாகக் கேட்டு வரும் இளைஞர்களுக்குச் சொல்லப்பட வேண்டிய செய்தியாகும்.

மென்பொருளில் முன்கூட்டியே அமைந்திருக்கும் பல் வடிவங்களும், ‘பொன் விகிதம்’ என்ற பெயரில் வரையப்படும் கோடுகளும் அறிவியல் முடிவுகள் போலத் தோற்றமளிக்கின்றன; ஆனால் ஆய்வாளர் பிரெஸ்டன் 1993இல் இயற்கைப் பற்களை அளந்தபோது, நடுப்பல்லுக்கும் அதன் பக்கப்பல்லுக்கும் இடையே அவ்விகிதம் 17 விழுக்காட்டினரிடமே காணப்பட்டது. தெத்துப்பல்லை முகத்தின் களை என்று விரும்புவோரும், முன்பற்களின் இடைவெளியை அதிர்ஷ்டமாகக் கருதும் வீட்டாரும் இந்நகரில் வாழ்கின்றனர். அவர்களிடம் கேளாமலே அவற்றைக் குறைபாடாகக் குறித்துத் திரையில் ‘திருத்தி’க் காட்டுவதை இவ்வமைப்பு ஏற்கவில்லை. கோலார், சிக்கபள்ளாப்பூர், தர்மபுரி, கிருஷ்ணகிரி போன்ற, நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளிலிருந்து பழுப்புக் கறையோடு வருவோரில், கறை மங்கினால் போதும், பளீரென்ற வெண்மை வேண்டாம் என்போரும் இருப்பர். கறை லேசானதாயின் வெளுப்பூட்டலும், மேற்பரப்பை மிக நுண்ணிய அளவில் மெருகேற்றும் முறையுமே பெரும்பாலும் போதும் என்பதால், வெனீர் படத்தைக் காட்டும் முன் இவ்வழிகள் அவர்களுக்கு விளக்கப்பட வேண்டும்.

திரையில் ஒளிரும் அசையாத முகம் பேசுவதில்லை. கணினி வடிவத்திலிருந்து அச்சு எடுத்து, பல்லைச் சீவாமலேயே அதன்மேல் தற்காலிகப் பிசின் பூசி உருவாக்கப்படும் மாதிரியே, புதிய நீளம் நோயாளிக்குப் பொருந்துமா என்பதைக் காட்டும். ‘வ’ என்று ஒலிக்கும்போது மேல் முன்பற்களின் நுனி கீழுதட்டின் உள்விளிம்பை மெல்லத் தொடும். பல் அளவுக்கு மீறி நீண்டிருந்தால் உதடு தடுமாறும். ஆகவே மாதிரியை அணிந்தவர் தம் தாய்மொழியில், அது தமிழோ கன்னடமோ உருதுவோ, சிறிது நேரம் பேசிப் பார்க்கவும், பகல் வெளிச்சத்தில் கண்ணாடியில் காணவும், விரும்பினால் வீட்டாரிடம் காட்டவும் வாய்ப்பளிக்க வேண்டும். திருமண நாள் நெருங்கிவிட்டது என்ற காரணத்தால் இந்தப் படிநிலையைத் தாண்டிச் செல்வதும், பல மாதங்கள் பிடிக்கும் பல் சீரமைப்பைப் பற்றிச் சொல்லாமல் விடுவதும் நெறியாகாது.

நோயறியும் செயலுக்குத் தரப்பட்ட ஒப்புதலைச் சிகிச்சைக்கான ஒப்புதலாக நீட்டிக்க முடியாது என்று 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், முக்கிய இடர்கள், சிகிச்சையை மறுத்தால் நேரக்கூடியவை ஆகியவற்றை நோயாளி அறிந்திருக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. ஸ்கேன் எடுக்க இசைந்தவர் பல்லைச் சீவவும் இசைந்தார் என்று வாதிட அதன் பிறகு இடமில்லை என்பதே இவ்வமைப்பின் வாசிப்பு. வெனீர் என்றேனும் உடைந்தோ கழன்றோ மாற்றப்பட வேண்டியிருக்கும் என்பதும், அதற்கான செலவும், நோயாளி புரிந்துகொள்ளும் மொழியில் எழுத்தில் தரப்பட வேண்டும். கைக்கணினியில் ஆங்கிலப் படிவத்தை நீட்டிக் கையொப்பம் பெறுவதால் அக்கடமை நிறைவேறாது.

முகப்படமும் பற்களின் ஸ்கேனும் தனிநபர் தரவுகளாகும். ஒப்புதலைக் குறிப்பிட்ட நோக்கத்தோடு பிணைக்கும் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கில், சிகிச்சைக்கென எடுத்த படத்தை ‘முன்–பின்’ விளம்பரமாக வெளியிடத் தனி ஒப்புதல் வேண்டும். அதை மறுப்பவருக்குக் கட்டணமோ கவனிப்போ மாறக் கூடாது. மாதிரியை அணிந்து பார்த்தபின் தம் பற்கள் உள்ளபடியே இருக்கட்டும் என்று முடிவெடுப்பவரிடம் திட்டமிடலுக்கு முன்பே சொன்ன கட்டணத்தை மட்டும் பெற்று, அவருடைய ஸ்கேன் கோப்பின் நகலை அவரிடமே ஒப்படைக்குமாறு இவ்வமைப்பு தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறது.