சக்கரத்தைத் தொட்டுப் பார்க்காத சோதனை

என்னிடம் இருப்பது 1999-ல் பதிவான மாருதி 800. ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்னால் பழைய வண்டியாக வாங்கினேன். "இன்னுமா இதை வச்சிருக்கீங்க?" என்று கேட்காத ஆள் ஆழ்வார்திருநகரியில் இல்லை. அரசாங்கமும் அதையேதான் கேட்கிறது, கட்டணமாக.

மோட்டார் வாகனச் சட்டம் 41-வது பிரிவுப்படி சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருஷம். அதற்குப் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டிய காருக்கு 10,000 என்று 2025 ஆகஸ்டில் அறிவிப்பு வந்துவிட்டது. கட்டணத்தோடு எனக்குச் சண்டை இல்லை. வாங்கிய பணத்துக்கு எதைச் சோதித்தார்கள் என்பதுதான் என் சண்டை.

2024-ல் புதுப்பிக்கக் கொண்டு போனேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். சேஸிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார்கள். விளக்கு, ஹாரன், நம்பர் பிளேட் பார்த்தார்கள். கதவில் ஒரு கீறல் இருந்தது, அதற்குப் பெயிண்ட் அடித்து வரச் சொன்னார்கள். அடித்துக்கொண்டு போனேன். முத்திரை விழுந்தது. முன் சக்கரத்தை ஒருவரும் கையால் தொடவில்லை.

இத்தனைக்கும் அந்த வண்டி 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்து, தாமிரபரணி ஊருக்குள் வந்த அந்த இரண்டு நாளை நம் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பாதிச் சக்கரம் வரை தண்ணீர். வடிந்த பிறகு நானும் எல்லாரையும் போலத்தான் செய்தேன்: ஆயில் மாற்றினேன், பிரேக்கைச் சுத்தம் செய்தேன், மிதியடியை வெயிலில் போட்டேன். டை ராடு எண்ட் என்று ஒன்று உண்டு. ஸ்டியரிங்கைத் திருப்பினால் அந்தத் திருப்பலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கம்பியின் நுனி மூட்டு. கிண்ணத்துக்குள் ஒரு குண்டு, சுற்றிலும் கிரீஸ், மேலே ஒரு ரப்பர் உறை, அவ்வளவுதான். 25 வருஷ ரப்பர் வெடித்திருக்கும். அந்த வெடிப்பு வழியே ஆற்று வண்டல் உள்ளே போனால், கிரீஸோடு மணல் சேர்ந்து அம்மி அரைப்பதுபோல் அரைக்கும்.

முத்திரை வாங்கி மூன்று மாதத்தில் வண்டி தானாக இடது பக்கம் போக ஆரம்பித்தது. அலைன்மெண்ட் கடைக்கு மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் கம்ப்யூட்டரில் எண்கள் பச்சையாக வந்தன, மூன்று தடவையும் பணம் கொடுத்தேன். டயரின் ஓரம் மட்டும் ரம்பம்போல் தேய்ந்துகொண்டே வந்தது. நிற்கிற வண்டியில் அளந்தால் அளவு சரியாகத்தான் இருக்கும். மூட்டு தளர்ந்திருந்தால் ஓடும்போது சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். ஆட்டத்தைப் பார்க்காமல் அலைன்மெண்ட் செய்வதை நான் வேலை என்று சொல்லமாட்டேன். பணம் பிடுங்குவது என்றுதான் சொல்வேன்.

கடைசியில் ஒரு சின்னப் பட்டறையில், என் பேரன் வயதுப் பையன், முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்டு கொடுத்தான். (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை விடாதீர்கள்.) சக்கரத்தை இடமும் வலமுமாக, கடிகாரத்தில் 9 மணிக்கும் 3 மணிக்கும் கை வைத்து அசைத்தான்.

"சார், நீங்களே பிடிச்சுப் பாருங்க."

அசைத்தேன். டக் டக் என்றது.

"இது டை ராடு எண்ட். மேலயும் கீழயும் பிடிச்சு ஆடுச்சுன்னா வீல் பேரிங், இல்லன்னா கீழ உள்ள பால் ஜாயிண்ட். அது நல்லாத்தான் இருக்கு."

"இது கழண்டா என்ன ஆகும் தம்பி?"

"ஸ்டியரிங் உங்க கையில இருக்கும் சார். சக்கரம் உங்க பேச்சக் கேக்காது."

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். இந்த ஆட்டத்துக்குப் பிரெஞ்சில் 'ழெ' என்று பெயர், விளையாட்டுக்கும் அதே சொல்தான். மெக்கானிக் 'ப்ளே' என்கிறான், நாம் ஆட்டம் என்கிறோம். மூன்று பாஷையும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறது. குண்டு மூட்டுக்கு அவர்கள் சொல்லும் 'ரொத்யூல்' என்பது முழங்கால் சில்லுக்கும் பெயர். என் முழங்காலைக் காட்டப் போனால் டாக்டர் பிடித்து அசைத்துப் பார்க்கிறார். ஆதார் அட்டையைப் பார்த்து, வயது 74, ஆகவே கோளாறு என்று எழுதுவதில்லை. காருக்கு மட்டும் ஏன் அப்படி?

பிரான்சில் 1992 முதல் கார்களுக்குக் கட்டாயச் சோதனை உண்டு. நாலு வருஷம் ஆனதும் முதல் சோதனை, பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. ஸ்டியரிங் மூட்டுகளின் ஆட்டம் அதில் தனி இனம். பதினைந்து வருஷம் யாரும் கேட்கமாட்டார்கள், பிறகு திடீரென்று பணம் மட்டும் கேட்பார்கள் என்ற நம் வழக்கம் அங்கே இல்லை. பதினாலு வயது வண்டியின் மூட்டு தேயாதா?

பழியை அலுவலகத்தின் தலையில் மட்டும் போட எனக்கு யோக்கியதை இல்லை. நானும் குமாஸ்தாவாக இருந்தவன்தான். தாள் சரியாக இருந்தால் பொருளும் சரி என்று எத்தனை கோப்புகளை மேலே அனுப்பியிருக்கிறேன்! வண்டிக்காரர்களான நாமும் லேசுப்பட்டவர்கள் அல்ல. சீட் கவருக்குக் கணக்குப் பார்க்காமல் கொடுப்போம், ஸ்டியரிங் ஆடினால் "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்போம். நின்ற இடத்தில் சக்கரம் நேராக இருக்க, ஸ்டியரிங்கை விரலால் அசையுங்கள். டயர் அசைவதற்கு முன் வளையம் ஒரு அங்குலத்துக்கு மேல் சும்மா ஓடினால் பட்டறைக்குப் போய்விடுங்கள்.

இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றச் சொன்னேன். பழையதைத் தட்டி இறுக்கித் தருகிறோம் என்கிறவர்களிடம் கொடுக்காதீர்கள். பையன் சுத்தியலால் அடிக்காமல் புல்லர் போட்டு எடுத்தான். எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணிக்கொண்டு அத்தனை சுற்றுக்கே புதியதை ஏற்றினான். புதுக் காட்டர் பின் போட்டான். அதற்குப் பிறகுதான் அலைன்மெண்ட்டுக்கு அனுப்பினான். எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. இப்போது கையை லேசாக வைத்தாலே நேராகப் போகிறது.

நான் வாரம் இரண்டு தடவை போகிற ரோடு திருச்செந்தூர் ரோடு. தைப்பூசத்துக்கும் மாசித் திருவிழாவுக்கும் விடியுமுன் இருட்டில் பச்சை வேஷ்டி கட்டி, குழந்தைகளைத் தோளில் வைத்து, இடது ஓரமாகத்தான் ஜனங்கள் நடந்து போவார்கள். என் வண்டி இழுத்ததும் இடது பக்கம்தான். முத்திரை விழுந்த தாள் அப்போதும் என் டாஷ்போர்டுக்குள் இருந்தது.

அடுத்த புதுப்பிப்பு 2029-ல். இருந்தால் நானே ஓட்டிப் போவேன். 10,000 ரூபாயையும் கட்டிவிட்டு, முன்சக்கரத்தைத் தூக்கிப் பாருங்கள் என்று எழுதியே கேட்பேன். ஜாக்கி இல்லை என்பார்கள், அதையும் கொண்டு போகிறேன்.