உண்ண அஞ்சும் வயிறு

பசி இருக்கிறது, முன்னால் உணவும் இருக்கிறது, ஆயினும் உண்ணத் துணிவில்லை. இப்படியும் ஒரு நோய் உண்டா என்று வாசகர்கள் வியக்கலாம். உண்டு. உண்ட சிறிது நேரத்தில் மேல்வயிற்றில் வலி எழுகிறது. சிலருக்கு அது முதுகு வரை பரவுகிறது. குமட்டலும் வாந்தியும் சேர்ந்துகொள்வதுண்டு. வயிறு காலியானபின் வலி மெல்லத் தணிகிறது. அடுத்த வேளை உண்டால் மீண்டும் எழுகிறது. நாளடைவில் நோயாளி தட்டைக் கண்டாலே அஞ்சி, பாதி வயிற்றோடு எழுந்துவிடுகிறார். சில மாதங்களில் உடல் மெலிந்து, உடைகள் தொளதொளத்துப் போகின்றன.

இவ்வாறு துன்புறுவோருள் ஒரு சிலருக்குக் காரணமாய் அமையும் அரிய நோய் ஒன்றைப் பற்றியே இம்மாதம் எழுத முற்படுகிறோம். மருத்துவர்கள் இதனை மீடியன் ஆர்க்குவேட் லிகமென்ட் சிண்ட்ரோம் என்றும், டன்பார் நோய் என்றும் அழைக்கின்றனர். ஆண்களைவிடப் பெண்களுக்கே, அதிலும் நடுவயதை எட்டாத மெலிந்த உடலினருக்கே, இது மிகுதியாகக் காணப்படுகிறது.

நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் தசைத்திரைக்கு உதரவிதானம் என்று பெயர். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி, அத்திரையின் பின்புறமாக முதுகெலும்பை ஒட்டி வயிற்றுக்குள் இறங்குகிறது. அவ்விடத்தில் வலுவான நார் ஒன்று வில்லைப்போல் வளைந்து பெருந்தமனியின் முன்னே குறுக்காக நிற்கிறது. அதற்குச் சற்றுக் கீழே பெருந்தமனியிலிருந்து சீலியாக் தமனி கிளைத்து, இரைப்பை, கல்லீரல், மண்ணீரல் ஆகியவற்றிற்கு இரத்தம் கொண்டுசெல்கிறது.

சிலருக்குப் பிறவியிலேயே இந்த வில்நார் தாழ்ந்திருக்கும். அல்லது அத்தமனி சற்று மேலிருந்து கிளைத்திருக்கும். அப்போது நார் தமனியின்மேல் அழுந்துகிறது. மூச்சை வெளியே விடும்போது அழுத்தம் மிகும். ஆழ்ந்து உள்ளிழுக்கும்போது குறையும். நோயை அறிவதற்கு இந்த வேறுபாடே பெருந்துணை செய்கிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இறந்தோர் உடல்களை அறுத்து ஆராய்ந்த லிப்ஷுட்ஸ் என்பவர், 1917-இலேயே இத்தகைய அழுத்தத்தைக் குறித்து எழுதினார். பின்லாந்து நாட்டு அறுவை மருத்துவர் ஹார்யோலா, அறுவை செய்து குணம் கண்ட ஒரு நோயாளியைப் பற்றி 1963-இல் வெளியிட்டார். 1965-இல் அமெரிக்காவில் டன்பாரும் அவருடைய தோழர்களும் 15 நோயாளிகளைப் பற்றி எழுதினர். அதன் பின்னரே இந்நோய் மருத்துவ உலகில் பரவலாகப் பேசப்பட்டது.

எனினும் விவாதம் ஓயவில்லை. ஒரு வாய்க்கால் அடைபட்டாலும் அடுத்த வாய்க்காலின் நீர் கிளை வழியாக வந்து வயலை நனைப்பதுபோல, சீலியாக் தமனி நெருக்குண்டாலும் அதன் கீழுள்ள தமனியிலிருந்து இரத்தம் வந்துசேரும். அங்ஙனமாயின் வலி எதனால்? இரத்தக் குறைவே காரணம் என்பர் சிலர். அத்தமனியைச் சூழ்ந்திருக்கும் நரம்புப் பின்னல் ஓயாமல் நசுக்குண்பதே காரணம் என்பர் வேறு சிலர். இரண்டும் சேர்ந்திருக்கலாம் என்பாரும் உளர். இப்படி ஒரு நோய் உண்மையில் வலி தருகிறதா என்றே 1972-இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் வினவினர்.

அவர்களது ஐயத்திலும் நியாயம் உண்டு. நூற்றுக்கு 10 முதல் 24 பேர் வரை இந்த வில்நார் தமனியின்மேல் ஓரளவு அழுந்தியிருக்கக்கூடும் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் எவ்வித வலியுமின்றி வாழ்ந்து முடிக்கின்றனர். ஆகவே, ஸ்கேன் படத்தில் தமனி ஒடுங்கித் தெரிவதால் மட்டும் ஒருவரை நோயாளி என்று சொல்லிவிட முடியாது. படமும் நோயாளி கூறும் வரலாறும் பொருந்தி வரவேண்டும்.

எனவே, முதலில் வேறு காரணங்களை ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். இரைப்பைப் புண், பித்தப்பைக் கல், கணைய அழற்சி, குடற்காசம், புற்றுநோய் ஆகியவை இல்லையென்று எண்டோஸ்கோபியாலும் ஸ்கேனாலும் பிற சோதனைகளாலும் உறுதி செய்துகொள்வர். அதன் பின்னரே டாப்ளர் ஸ்கேன் எடுக்கப்படும். மூச்சை விடச் சொல்லியும் இழுக்கச் சொல்லியும் சீலியாக் தமனியில் இரத்தம் பாயும் வேகத்தை அளப்பார்கள். மூச்சை விடும்போது வேகம் நொடிக்கு 200 சென்டிமீட்டருக்கு மேல் ஏறி, ஆழ்ந்து இழுக்கும்போது குறையுமாயின் ஐயம் வலுக்கிறது. பக்கவாட்டில் பார்க்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் படத்தில், தமனி கொக்கிபோல் வளைந்து காணப்படும். சில மருத்துவமனைகளில் அந்த நரம்புப் பின்னலில் மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்ப்பதும் உண்டு. சில மணி நேரம் வலியின்றி உண்ண முடிந்தால், அறுவை பயன் தரக்கூடும் என்பதற்கு அது ஓர் அறிகுறி.

வில்நாரைத் தளர்த்தும் மருந்து எதுவும் இல்லை. சிறுகச் சிறுக, பல வேளையாக உண்பது ஓரளவு உதவும். நிலையான தீர்வுக்கு வழி அறுவையே. நாரை வெட்டித் தமனியை விடுவித்து, நசுங்கிய நரம்புத் திசுவையும் அகற்றுவர். முன்பு வயிற்றைத் திறந்தே இதைச் செய்தனர். 2000-ஆம் ஆண்டு முதல் சிறு துளைகள் வழியாக லேப்பராஸ்கோப் முறையிலும் செய்து வருகின்றனர். வெளியிலிருந்து நார் அழுத்திக்கொண்டிருக்கும்போது, உள்ளே ஸ்டென்ட் மட்டும் வைப்பது நிலைக்காது. நாரை வெட்டிய பின்னும் தமனி ஒடுங்கியே இருந்தால்தான் ஸ்டென்ட்டோ மாற்றுக்குழாயோ தேவைப்படும். பெருந்தமனியை ஒட்டிச் செய்யும் அறுவையாதலால், இரத்தப்போக்கு அபாயம் உண்டு. கைதேர்ந்தவரையே நாட வேண்டும்.

எல்லோரும் குணமடைவதில்லை. அமெரிக்காவில் 51 நோயாளிகளை ஆராய்ந்து 1985-இல் வெளியான கட்டுரையொன்று, உண்டபின் தவறாமல் வலி வந்தவர்களும் 20 பவுண்டுக்கு மேல் எடை இழந்தவர்களும் அறுவையால் மிகுதியாகப் பயனடைந்தனர் என்று காட்டியது. வலி விட்டுவிட்டு ஒழுங்கின்றி வந்தவர்களுக்கு அத்தகைய பயன் கிட்டவில்லை. நோயாளியின் வாய்மொழி எவ்வளவு விலையுள்ளது என்பதற்கு இதுவே சான்று.

ஆனால் பல இல்லங்களில் நடப்பது என்ன? எல்லாச் சோதனையும் சரியாக இருக்கிறது என்று தாள் வந்துவிட்டால், அந்த மருமகளோ மகளோ சொல்லும் வலி நடிப்பாகிவிடுகிறது. "வேலைக்குச் சோம்பல்", "மெலிய வேண்டுமென்ற ஆசை" என்ற பேச்சுகள் எழுகின்றன. மெலிய விரும்பி உண்ண மறுக்கும் மனநோய் ஒன்று இருப்பது உண்மையே. அந்நோயாளி உடல் பருத்துவிடுமோ என்று அஞ்சுகிறார். நாம் கூறும் நோயாளியோ வலிக்கு அஞ்சுகிறார். வலி மட்டும் இல்லையேல் வயிறார உண்பார். நெடுநாள் வலி மனத்தையும் சோர்வடையச் செய்யுமாதலால், மனநல மருத்துவரின் துணையை நாடுவதில் இழிவொன்றும் இல்லை. ஆயினும் உடலைத் தேடும் தேடல் அதனால் நின்றுவிடக் கூடாது.

ஆகவே, வீட்டார் செய்யக்கூடியவை சில. என்ன உண்டார், எத்தனை நிமிடத்தில் வலி வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, மாதந்தோறும் எடை எவ்வளவு என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்த வாந்தி, கருமையான மலம், மஞ்சள் காமாலை, திடீரெனத் தாங்கவொண்ணா வலி ஆகியவற்றைக் கண்டால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். முதியவர்க்கும், புகைபிடிக்கும் பழக்கமுள்ளவர்க்கும் உண்டபின் வலி வருமாயின், குடல் தமனிகளில் கொழுப்பு படிந்து அடைத்திருக்கலாம். அது இந்நோயினும் விரைந்து கவனிக்கத்தக்கது.

வயிற்றுவலி வந்தோர் எல்லோரும் தமக்கு இந்த அரிய நோய்தான் என்று அஞ்ச வேண்டுவதில்லை. பெரும்பாலானவற்றிற்குக் காரணம் எளியது, மருந்தும் எளியது. ஆனால் எளிய காரணங்கள் யாவும் விலகியபின்னும் வலி நின்றால், சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்குத் தேடிய இடத்தில் இல்லை என்பதே பொருள். இன்னும் தேடாத இடம் இருக்கலாம். அதுவரை, உண்ண அஞ்சி எழுந்து செல்பவரைக் கடிந்துகொள்ளாமல், "எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது?" என்று பொறுமையோடு கேட்போமாக. மருத்துவர் கேட்கவேண்டிய முதற் கேள்வியும் அதுவே.